பெயர் ஒட்டாத பாட்டில்கள்

வியாழக்கிழமைத் தேநீர்க் கூட்டம் இந்த வாரம் எங்கள் வீட்டு முறை. அதனால் புதன் காலையிலேயே வெள்ளைக் கோப்பைகளை எடுத்து, சோப்பு போடாமல் வெந்நீரில் மட்டும் கழுவி, சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். கோப்பையில் சோப்பு வாசனை இருந்தால் குற்றாலிங்கம் கண்டுபிடித்துவிடுவார். கடைசிக் கோப்பையைத் துடைக்கும்போது தொலைபேசி ஒலித்தது. குற்றாலத்திலிருந்து அவர் மனைவி பார்வதி.

"அக்கா, அவுக போயிட்டாவ அக்கா. கெட்டில்ல தண்ணி புடிச்சு வச்சுட்டு நாற்காலில உக்காந்தாவ. தண்ணி கொதிச்சுட்டு. அவுக எந்திரிக்கவே இல்ல."

"அப்படியானால் நாளைக்கு வரமாட்டாரா?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. என் கணவர் காலமானபோதுகூட, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் முறைப்படி பதில் சொன்னவள் நான். ஆனால் இந்த மனிதர் என்னைவிடப் பத்து வயது இளையவர். காலையில் ஐந்தருவிச் சாலையில் நடப்பவர். முந்தின வாரம்தான் தன் வீட்டுப் படியில் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வரிசை தப்பிப் போய்விட்டார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீலகிரியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பதே அவருக்கு உத்தியோகம். ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான குற்றாலத்துக்குத் திரும்பி, சாரல் மாதங்களில் ஐந்தருவிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைக் கடை போட்டார். மற்ற மாதங்களில் எங்களைப் போன்ற சிலரை வாரம் ஒரு வீட்டில் கூட்டி வைத்து, தேயிலையும் மூலிகையும் கலந்து கலந்து குடிக்கக் கொடுத்தார். என்ன குடிக்கிறோம் என்று முதலில் சொல்லமாட்டார். நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் முதன்முதலில் போன அன்று எல்லோருக்கும் கோப்பையை நீட்டியவர் எனக்கு மட்டும் நீட்டவில்லை.

"அக்கா, கைக்குட்டையில என்ன போட்டிருக்கீய?"

"கொலோன். ஏன்?"

"அத அங்கன வாசல்ல வச்சிட்டு, கையக் கழுவிட்டு வாங்க. உங்க கொலோன் எல்லார் கோப்பையிலயும் விழுந்து கிடக்கு."

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எழுந்து தென்காசியில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை கொலோன் போடாமல் போனேன். முதல் கோப்பையை அவர் எனக்குத் தந்தார். சங்குப்பூவும் அதிமதுரமும். நான் சரியாகச் சொன்னேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவருக்கு இணங்கவில்லை. தேயிலையை ருசி பார்ப்பவர்கள் கரண்டியில் எடுத்துக் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். குற்றாலிங்கம் உறிஞ்சினால் தெருவுக்குக் கேட்கும். எங்கள் கான்வென்டில் சூப் குடிக்கும்போது ஸ்பூன் பல்லில் பட்டாலே சிஸ்டர் முறைப்பார். நான் உதட்டை ஒற்றித்தான் குடிப்பேன்.

"அக்கா, தேயிலைக்கு மரியாத குடுக்கீயளா, உங்க சிஸ்டருக்குக் குடுக்கீயளா?"

"இரண்டு பேருக்கும்."

"சிஸ்டரு மேல போயாச்சு. இங்கன தேயிலைதான் காத்துக்கிட்டு இருக்கு" என்பார். கூட்டமே சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். உறிஞ்சவும் மாட்டேன்.

அவர் வீட்டு அலமாரியில் பாட்டில் பாட்டிலாக இலையும் பூவும் வேரும் இருக்கும். ஒன்றிலும் பெயர் கிடையாது. "பேரு ஒட்டினா கண்ணு குடிக்கும், நாக்கு தூங்கிரும்" என்பார். ஒழுங்கில்லாத பழக்கம் என்று நேராகவே சொல்லியிருக்கிறேன். திறந்து முகர்ந்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே அவர் இருக்கும்வரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

கடைசி வியாழக்கிழமை எங்கள் ஒவ்வொருவர் கையிலும் பச்சை நூல் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். "வீட்டுல போட்டுக் குடிங்க. அடுத்த வாரம் பதில் சொல்லணும். யாரும் கலந்து பேசக் கூடாது." நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு பார்வதி எங்களை வரச் சொன்னாள். நானும், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் சங்கரனும், என் பக்கத்து வீட்டுச் சுப்புலட்சுமி ஆச்சியும் போனோம். அலமாரியைத் திறந்து காட்டினாள்.

"மகன் எல்லாத்தையும் தூரக் கொட்டச் சொல்லுதான். அடுத்த சாரலுக்கு நான் கடையத் திறக்கலாம்னு இருக்கேன். எது என்னன்னு தெரியாம யாருக்கு என்னத்தக் குடுக்க? அவுக உங்க நாக்கத்தான் மெச்சுவாவ, அக்கா."

இலையைப் பார்த்தும் முகர்ந்தும் பலவற்றைச் சொல்லிவிட்டோம். துளசி, செம்பருத்தி, நன்னாரி, தண்ணீரைச் சிவப்பாக்கும் பதிமுகம். கலந்து வைத்திருந்த தேயிலைகளில்தான் சிக்கிக்கொண்டோம். பார்வதி வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் குடித்துப் பார்த்தேன். ஏதோ ஒன்று அடியில் இருந்தது, பிடிபடவில்லை.

"ரோசாப்பூ" என்றார் ஆச்சி.

"ஆச்சி, உங்களுக்கு எல்லாமே ரோசாப்பூதான்" என்றார் சங்கரன். பிறகு என்னைப் பார்த்துத் தயங்கினார். "அக்கா, தப்பா நெனைக்காதீய. நீங்க உதட்ட ஒத்தினா எங்கன தெரியும்?"

கரண்டியில் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, காற்றோடு சேர்த்து, அவர் செய்வதுபோலவே இழுத்தேன். எனக்கே வெட்கமாகிவிடும் அளவு சத்தம். ஏலக்காய்த் தோல். சந்தேகமே இல்லை.

கண்ணைத் திறந்தபோது பார்வதி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இடுக்கி. ஓடி வந்திருக்கிறாள்.

"அவுகன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

அவள் திரும்பிப் போய் அடுத்த தண்ணீரை வைத்தாள். நான் அடுத்ததை உறிஞ்சினேன். மாலைவரை உறிஞ்சினேன். ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, பெயர் எழுதிப் பாட்டிலில் ஒட்டினேன். குற்றாலிங்கம் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தால் நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

ஒரு பாட்டில் மட்டும் மீந்தது. பச்சை நூல் பொட்டலத்தில் இருந்த அதே கலவை. மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம். பார்வதி அதை என் பையில் வைத்துவிட்டாள்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பாட்டிலும் அந்தச் சத்தமும்தான். பாட்டிலில் நான் ஒன்றும் ஒட்டவில்லை. வியாழக்கிழமை மாலையில் ஒரு சிட்டிகை போட்டு, வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, வீடு முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சுகிறேன். சுக்கு, எலுமிச்சைப் புல், உலர்த்திய ஜாதிக்காய்த் தோல். இதுதான் என் பதில், மிஸ்டர் குற்றாலிங்கம். சரியா, தப்பா என்று நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.