போன வருசத்து நம்பர் வன்

கசெற்றைப் போட்டதும் முதலில் கேட்பது பாட்டு அல்ல, ஈரச் சட்டியில் எண்ணெய் விட்டது போன்ற ஓர் இரைச்சல்; அதற்குப் பிறகு ஓர் ஆங்கிலேயன் நாற்பதில் தொடங்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பாட்டு என்று, கீழ்நோக்கி எண்ணிக்கொண்டு வருவான். பாரிஸில், எங்கள் சனம் கடை வைத்திருக்கும் லாச்சப்பலில், சேலைக்கடை ஒன்றின் மேல்மாடியில், அப்பா, அம்மா, நான், சின்ன மாமா நால்வரும் ஒரே அறையில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் ஒலித்தது அந்தக் குரல்தான். எண் சிறுத்துச் சிறுத்து ஒன்றை நெருங்க நெருங்க நான் போய் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வேன். சின்னப் பிள்ளை, ஏன் பயந்தேன் என்று சொல்லத் தெரியாது.

சின்ன மாமா என்பவர் அம்மாவின் கடைசித் தம்பி. ஊரில் சமாதானம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று பிரான்சில் அவருடைய அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். பொலிஸ் பிடித்தால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அதனால் எப்படியாவது லண்டனுக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. எங்கள் சனத்துக்கு லண்டன் கடலுக்கு அப்பால் இல்லை, கார் து நோர் ரயில் நிலையத்தின் மாடியிலேயே இருந்தது; அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து பாஸ்போர்ட் பார்க்கும் பிரித்தானிய அதிகாரிகளைத் தாண்டிவிட்டால் ரயில். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

ஆள் அனுப்பும் தரகரை எங்கள் சனம் "ஏஜென்சி" என்று சொல்லும். அப்படி ஒருவர் பாரிஸை ஒட்டிய ஒபர்வில்லியேயிலிருந்து, லண்டனில் பிறந்த ஒரு தமிழ்ப் பெடியனின் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார். முகம் ஓரளவு ஒத்திருந்தது. "தம்பி, பாஸ்போட் பேசாது, நீதான் பேசோணும். அங்கத்தைப் பெடியளுக்கு எந்தக் கிழமை எந்தப் பாட்டு நம்பர் வன் எண்டு தண்ணிபட்ட பாடு. அதைத்தான் கேப்பாங்கள்" என்றார். எவனோ ஒருவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான், எங்கள் வீட்டில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

லண்டனில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த பெரியப்பா, புதுவருட நேரம் வானொலியில் பிடித்த கசெற் ஒன்றை ஆள்மூலம் அனுப்பினார். அவருக்கு இங்கிலிஷ் பாட்டு என்றாலே தலையிடி. பொத்தானை அமத்திவிட்டு வேலைக்குப் போயிருப்பார். மாமா அதைத் தேவாரம்போலப் பாடமாக்கினார். "நீதான் ஒபிசர், கேள் பாப்பம்" என்பார். நான் பிரெஞ்சில் கேட்பேன், அவர் இங்கிலிஷில் ஒப்புவிப்பார், அம்மா கறிக்குத் தாளித்துக்கொண்டே தலையாட்டுவார்.

புறப்பட்ட காலை ஏஜென்சி மாமாவின் கழுத்தில் ஒரு ஹெட்போனையும் மாட்டிவிட்டார். வாசலில் நின்று மாமா "பாய் பாய்" என்று கைகாட்டினார். அம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று. "பாயும் கீயும்! போட்டு வாறன் எண்டு சொல்லடா!"

"லண்டன் பெடியன் அப்பிடிச் சொல்லமாட்டான் அக்கா" என்று சிரித்தபடியே அவர் படியிறங்கிப் போனார்.

வரிசையில் இரண்டு பேர் தள்ளி நின்ற ஏஜென்சியின் ஆள் மத்தியானம் வந்து நடந்ததைச் சொன்னான். கூண்டில் இருந்தவள் ஓர் இளம்பெண். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கவே கையை நீட்டிவிட்டாளாம். ஹெட்போனைக் கண்டதும், சும்மா முசுப்பாத்திக்கு, இப்போது நம்பர் வன் எது என்று கேட்டாளாம். மாமா சொன்னார். சொன்னதோடு நின்றாரா? கேட்காமலே இரண்டு, மூன்று, நான்கு என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். அவள் சிரித்தாளாம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கூண்டில் இருந்தவனைக் கூப்பிட்டாளாம்.

பெரியப்பா பதிந்து அனுப்பியது அந்தக் கிழமைப் பட்டியலே அல்ல. முடிந்துபோன வருடத்தில் அதிகம் விற்ற பாட்டுகளைத் திரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி. மாமா நம்பர் வன் என்று சொன்ன பாட்டு கோடையோடு ஓய்ந்துபோனது. அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இங்கிலிஷ் இல்லை. "தெரியாது எண்டு சொல்லியிருந்தாலே விட்டிருப்பாளே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பிரெஞ்சுப் பொலிஸ் அவரைக் கொழும்புக்கு ஏற்றியது. "இப்பதான் சண்டை இல்லையே, பயப்பிடாதேங்கோ" என்று வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை திரும்பவும் தொடங்கியது, மாமா வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டார். எப்போதாவது ஒருமுறை தொலைபேசி எடுப்பார். அம்மா அழுது முடிந்ததும் மாமா என்னிடம் கேட்பார்: "எடியே, இந்தக் கிழமை நம்பர் வன் என்ன?" எனக்கு அப்போது இங்கிலிஷ் வந்துவிட்டது, ஒவ்வொரு கிழமையும் தேடிப்பார்த்து வைத்திருந்து சரியாகச் சொல்வேன். கடைசியாக எடுத்தபோது பின்னால் ஷெல் விழும் சத்தம் கேட்டது. நான் பாட்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது.

சேலைக்கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். ஊருக்குக் கதைக்க "ரெலிபோன் காட்" விற்ற கடைகளும் இல்லை. அண்மையில் இணையத்தில் ஓர் ஆங்கிலேயர் அந்த வருடத்துப் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விமர்சித்திருந்ததைப் பார்த்தேன். மாமாவின் நம்பர் வன்னுக்கு ஒரு வரிதான் கொடுத்திருந்தார்: கேட்டதும் மறந்துவிடக்கூடிய பாட்டாம். எரிச்சலோடு மூடிவிட்டேன்.

அம்மா இப்போது பாரிஸுக்கு வெளியே பொபினியில் என்னோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கேட்பார், "இந்தக் கிழமை எது பிள்ளை?" நான் சொல்வேன். விளங்காத அந்தப் பெயரைத் தனக்குள் இரண்டுமூன்று தடவை சொல்லிப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் "உங்களுக்கு ஏனம்மா இது?" என்று கத்திவிட்டேன்.

"நீ வேலைக்குப் போன நேரம் அவன் ரெலிபோன் எடுத்தா, நான் பிழையாச் சொல்லக்கூடாதெல்லே."