சாவி தேடிய படங்கள்

நேற்று கடலூரில் ஒரு கல்யாணம். மேடையருகே எவனோ கேமராவின் பொத்தானை அழுத்திப் பிடித்தான். நெல் பொரிவதுபோல் படபடவென்று ஓடிற்று சத்தம். என் வாயிலிருந்த ஜாங்கிரி அப்படியே நின்றுவிட்டது. சிரிக்காதீர்கள். அந்தச் சத்தத்துக்கு இன்னும் எனக்குக் காதுமடல் சுடுகிறது.

சிதம்பரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தேன் அப்போது. எடுப்பது முதலாளி, மலையாய்க் குவிந்ததில் ஆல்பத்துக்கு எவை என்று தேர்ந்தெடுக்க வைப்பது நான். லேப்டாப்பை வீட்டுக்கே தூக்கிப்போய் டிவியில் ஒயரைச் செருகினால் மொத்தக் குடும்பமும் பாயில் வந்து நெருக்கி உட்காரும். வெளிச்சம், நிழல் என்று நான் உருகிக்கொண்டிருப்பேன். "சம்மந்தி கண்ண மூடிக்கிட்டு இருக்காரு, வேற போடுப்பா" என்பார்கள்.

அன்று மஞ்சக்குப்பத்தில், பெண் வீட்டில். மறுவீடு வந்த பெண்ணும் மாப்பிள்ளையும் சோபாவில். பெண்ணின் அப்பா ஓயாமல் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே வந்தேன். சாப்பாட்டுக்கூடம் வந்தது. கை கழுவுமிடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா. மேடைக்குப் போட்டோ எடுக்கத் தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று கோபித்துக் கிளம்பியவராம். எதிரில் பெண்ணின் அப்பா, கைகூப்பி.

அங்கேயும் முதலாளி பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார், நொடிக்குப் பத்துப் படம். நான் தட்டத் தட்டப் பெண்ணின் அப்பா குனிந்தார். இன்னும் குனிந்தார். விரல்கள் காலைத் தொடப்போகையில் பதறிப்போய்ப் பின்னால் தட்டினேன். மனிதர் நிமிர்ந்தார். போன மானம் திரும்பி வருவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, முழுசாக நிமிர்ந்தார். அதோடு லேப்டாப்பை மூடியிருக்கலாம். புத்தி எங்கே வேலை செய்தது? அடுத்த படத்துக்குப் போகவேண்டுமே என்று மறுபடி முன்னால் தட்டினேன். மறுபடி முதலிலிருந்து குனிந்தார்.

மாப்பிள்ளை டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பப்பா நடந்துச்சி இது?" என்றாள் பெண்.

"எது? வண்டிச் சாவி கீழ வுழுந்துடுச்சிம்மா. தேடினேன்."

"சாவியக் கும்பிட்டுகிட்டேவா தேடுவாங்க, மாமா?" என்று அவர் மைத்துனர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் தானே நிறுத்திக்கொண்டார். பெண் எழுந்து உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, வெகுநேரம், கழுவ அவ்வளவு பாத்திரம் அந்த வீட்டில் இருந்திருக்காது.

இப்போது எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. லிங்க் அனுப்பினால் அவரவர் தனியாகப் பார்த்து இதயக்குறி போட்டுவிடுகிறார்கள். ஸ்டுடியோ இருந்த இடத்தில் பரோட்டாக் கடை. பாயும் இல்லை, கத்தும் கூட்டமும் இல்லை. ஒரு மனிதர் குனிந்ததை வீடே சேர்ந்து பார்த்துவிட்டு, யார் முகத்தையும் யாரும் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூச்சமும் இல்லை. நல்லதுதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்று பெண்ணின் அப்பாவே என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் விட்டார். சிதம்பரம் பஸ் வந்து நின்றது. மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினேன். காதில் விழாதவர்போல் வண்டிச் சாவியைத் திருகினார்.

"சாவி கெடச்சிடுச்சி தம்பி. அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிடு."