கூட வந்த மூட்டை

அண்ணிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. மருந்து தீர்ந்த பாட்டில், பிடி உடைந்த வாளி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், துணிக்கடைப் பை, அந்தப் பைக்குள் மடித்து வைத்த வேறு பைகள். எங்கள் சமையலறை மேல்தட்டைத் திறப்பதற்கு முன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஏதாவது கேட்டால், "இருக்கட்டும், அது என்ன சோறா கேக்குது" என்பாள். எனக்கோ ஒரு கரண்டி இடம் மாறி இருந்தாலே கை பரபரக்கும். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அலுவலகத்துக்குப் போகிறோம். அண்ணியும் நாத்தனாரும் சண்டை போடக் காரணம் தேட வேண்டிய அவசியம் எங்களுக்கு வந்ததே இல்லை.

எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் சேர்த்தது என் அண்ணன். அவன் இறந்த பிறகும் நான் அங்கேயேதான் இருக்கிறேன். போன வாரம் சித்தி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அண்ணனே இல்லை என்று ஆன பிறகு நீ அங்கே எந்த உறவில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாள். சுருக்கென்று தைத்தது. சித்திக்கு வாய் நீளம், அது ஊருக்கே தெரியும். ஆனாலும் மறுநாளே ஒரு பெண்கள் விடுதியில் அறை கேட்டு என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணியிடம் மூச்சுவிடவில்லை.

நான் சொல்ல வந்தது, ரேடியோ என்று நாங்கள் கூப்பிடும் ஓர் ஆளின் வேலை போகாமல் தப்பிய கதையை. அதற்கு அண்ணியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

தண்ணீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் கூடம் எங்களுடையது. குழாய் உடைந்தது, தண்ணீர் வரவில்லை, வந்தாலும் சேறாக வருகிறது என்று நாள் முழுக்கப் போன் வரும். நாங்கள் கேட்டு, கணினியில் ஏற்றி, ஆளை அனுப்புவோம். அந்தக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்வது அண்ணி. எல்லாமே லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடுபவை. எதையாவது புதிதாகப் போட வேண்டுமானால் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடிப்பாள். பெயரைச் சொன்னால் போதும், அது எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டு வரும். தனியாகவும் வராது. விருந்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் குடும்பமே கிளம்பி வருகிற மாதிரி, அது ஓடுவதற்கு என்னென்ன துணை வேண்டுமோ அத்தனையையும் கூட்டிக்கொண்டு வரும். பிறகு 'தொடரவா' என்று கேட்கும். ஒய் என்ற எழுத்தை அடித்தால் சரி என்று அர்த்தம். அண்ணி இவற்றைப் பேக்கேஜ் என்பாள். எங்கள் கணினிகளைத் தமிழில் பேச வைத்திருந்ததால் அவை 'பொதி' என்று மரியாதையாகச் சொல்லும். நான் மூட்டை என்பேன்.

ரேடியோ என் பக்கத்து சீட்டு. பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி ஒரு தமிழ்க் குரலில் அவர் காதில் படித்துச் சொல்லும். அதை அவர் தையல் மெஷின் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தால் உள்ளேயிருந்து ஒரு கரகரப்பு ஓயாமல் வந்துகொண்டிருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். எனக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே போனில் பேசி, புகாரையும் பிழையில்லாமல் ஏற்றிவிடுவார். மேஜையும் என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். பேனா வலது மூலை, தண்ணீர் பாட்டில் இடது மூலை. அண்ணியின் குப்பையைப் பற்றி நான் புலம்பும்போது ஒத்து ஊதுவதற்கு அலுவலகத்தில் எனக்கிருந்த ஒரே ஆள் அவர்.

ஆனால் அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கண் தெரியாதவர் கணினியை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று மேனேஜர் இழுத்தடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து நேரில் பார்த்து முடிவு சொல்வார் என்று ஏற்பாடாயிற்று. அவர் சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு கிளம்ப வேண்டியதுதான். ரேடியோ வீட்டில் கைக்குழந்தை. மனைவி குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு இருந்தாள்.

அந்த அம்மா வருவதாக இருந்த நாள், மதியச் சாப்பாட்டு நேரம். நான் டப்பாவைத் திறந்து பாதி சாப்பிட்டிருந்தேன். ரேடியோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படபடப்பு அடங்கட்டும் என்று செஸ் விளையாட்டு ஒன்றைக் கணினியில் போட்டுக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அண்ணியைக் கூப்பிட அவருக்குக் கூச்சம் என்பதால், அவரே போட்டுக்கொள்ளும்படி அண்ணி பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். செஸ் நல்லபடியாக வந்து இறங்கியது. இறங்கியதும் கணினி வழக்கம்போல ஒரு யோசனை சொல்லியிருக்கிறது. சில பொதிகள் தாமாக வந்தவை, இனித் தேவையில்லை, வேண்டுமானால் ஆட்டோ ரிமூவ் என்று அடித்து எடுத்துவிடலாம் என்று. சுத்தக்காரர் சும்மா இருப்பாரா? அடித்துவிட்டார். எடுக்கப்போகிறவற்றின் பட்டியலை அது படிக்க ஆரம்பித்தது. வாயில் நுழையாத பெயர்கள். எல்லாம் குப்பை என்று நினைத்து, பட்டியல் முடிவதற்குள் ஒய்யைத் தட்டிவிட்டார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் அந்தக் கரகரப்பு பட்டென்று நின்றதுதான். ரேடியோ ஹெட்செட்டைக் கழற்றி உதறினார், மறுபடி மாட்டினார், வயரைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். படித்தேன். நீக்கப்பட்டவை என்று ஒரு நீண்ட வரிசை. அதன் கடைசியில் தமிழ்க் குரல்.

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதுவே அதோட வாயால 'என்னை எடுத்துடவா'ன்னு கேட்டிருக்கு. நான் 'எடு'ன்னு சொல்லிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே அவரை ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். அன்று அதற்கு நேரமில்லை. எழுந்து ஓடிப்போய், கை கழுவிக்கொண்டிருந்த அண்ணியை ஈரக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். வருகிற வழியெல்லாம், கண்டவர்களுக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பயம் வந்தால் எனக்கு யாரையாவது திட்ட வேண்டும்.

அண்ணி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரலின் பெயரை அடித்து, மறுபடி கொண்டுவரச் சொன்னாள். அப்படி ஒரு பொதியே இல்லை என்றது கணினி. அந்தக் குரலை ஆர்வமுள்ள சிலர் சேர்ந்து எப்போதோ செய்து இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். பிறகு ஆளுக்கொரு வேலையாகப் போய்விட்டார்கள். அவர்கள் வைத்திருந்த இணையதளத்தைத் தேடினாள், அதுவும் மூடிக் கிடந்தது. மிச்சம் இருந்தது ஒரு ஆங்கிலக் குரல். அதனிடம் தமிழ்ப் புகாரைக் கொடுத்தால் எண்களை மட்டும் படித்துவிட்டு மற்றதற்கு வாயை மூடிக்கொண்டது.

மேனேஜர் அறையில் போன் அடித்தது. தலைமை அலுவலகத்துக் கார் கிளம்பிவிட்டதாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சட்டையைச் சரிசெய்துகொள்வது தெரிந்தது. ரேடியோ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணி அவரிடம் ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதுக்கப்புறம் க்ளீன்னு எதாவது அடிச்சீங்களா?"

"அடிக்கலாம்னுதான்க்கா இருந்தேன். அதுக்குள்ள சத்தம் போயிடுச்சு."

அண்ணி மூச்சை விட்டாள். அப்போதுதான் அவளும் பயந்திருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். எந்த மூட்டையைக் கொண்டுவந்தாலும் கணினி அதைப் பிரித்து அடுக்கிய பிறகு மூட்டையையும் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கும். இடத்தை அடைக்கிறது என்றால் க்ளீன் என்று அடித்துத் துடைத்துவிடலாம். இடம் போதவில்லை, அந்தக் குப்பையைக் காலி செய் என்று மேனேஜர் அண்ணியிடம் சொல்லாத வாரம் கிடையாது. அவரிடமும் அவள் சொன்னது ஒன்றுதான், இருக்கட்டும். அவர் தலையில் அடித்துக்கொள்வார், நானும் அவர் கட்சிதான்.

அந்த மூலைக்குள் போய் அண்ணி தேடினாள். திரையில் பெயர்கள் மேலே மேலே ஓடின. எங்கள் சமையலறை மேல்தட்டு மாதிரியே இருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தாள். குரல் இருந்தது. போட்ட நாளிலிருந்து யாரும் தொடாமல் அப்படியே இருந்தது. நான் சுவரோரமாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வெளியிலிருந்து தேடாமல் அந்த மூட்டையையே எடுத்துப் பிரிக்கும்படி ஒரு வரி அடித்தாள். தொடரவா என்று கேட்டது. ரேடியோ கையை நீட்டி விசைப்பலகையைத் தொட்டார்.

"இந்த ஒய்ய நான் அடிக்கிறேன்க்கா."

"அடிங்க. ஆனா முழுசா கேட்டுட்டு அடிங்க," என்ற அண்ணி, என்னைப் பார்த்துப் படிக்கச் சொன்னாள்.

படித்தேன். எந்தப் பொதி வருகிறது, அது எவ்வளவு இடம் பிடிக்கும், எதுவும் நீக்கப்படவில்லை என்று ஒவ்வொரு வரியாக, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தேன். நான் ரொம்ப மெதுவாகப் படிக்கிறேன் என்று ரேடியோ குறைபட்டுக்கொண்டார். அதிலேயே ஆளுக்குத் தெம்பு திரும்பிவிட்டது தெரிந்தது. கடைசி வரி முடிந்ததும் ஒய்யை அடித்தார்.

அண்ணி ஏதோ ஒன்றை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். மேஜையில் கிடந்த ஹெட்செட்டுக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. ரேடியோ அதை எடுத்து மாட்டிக்கொள்ளாமல் இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்கிறது என்று கேட்டேன். "தெரியல. ஆனா பேசுது," என்றார். அந்தச் சத்தத்துக்காக நான் அவரிடம் எத்தனையோ முறை முகம் சுளித்திருக்கிறேன். அன்று அது காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

தலைமை அலுவலகத்து அம்மா வந்தார். ரேடியோவின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போன்களை அவர் எடுப்பதைப் பார்த்தார். ஒரு பெரியவர் தெருக்குழாய் பீய்ச்சி அடிப்பதை விலாவாரியாகச் சொல்ல, ரேடியோ பாதியிலேயே தெருவைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் முன்பே ஒரு புகார் இருப்பதையும் சொல்லி, ஆள் கிளம்பிவிட்டார் என்று போனை வைத்தார். அந்த அம்மா ஹெட்செட்டை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்து, ஒன்றுமே புரியாமல் திருப்பிக் கொடுத்தார். போகும்போது மேனேஜரிடம், "இவர எதுக்கு இவ்வளவு நாள் நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் பேப்பரை ரெடி பண்ணுவதாகச் சொல்லி வழிந்தார். ரேடியோ வீட்டுக்குப் போன் போட்டார். நான் டப்பாவைத் திறந்து, ஆறிப்போன மிச்சச் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் அண்ணி வரவில்லை. பார்த்தால் ரேடியோவின் கணினி முன்னால் உட்கார்ந்து இன்னும் ஒரு வரி அடித்துக்கொண்டிருந்தாள். பஸ் போய்விடும் என்று கத்தினேன். அதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன நோண்டல் என்றேன்.

"இந்தக் குரல் தனியா வரல. வேற ஒரு பெரிய செட்டோட கூட வந்தது. அந்த செட்ட நான் எப்பவோ எடுத்துட்டேன். கூட்டிட்டு வந்ததே இல்லேன்னா, கூட வந்தது எதுக்குன்னு மெஷின் நினைச்சுக்குது."

சித்தியும் இதைத்தான் கேட்டாள். "இப்ப என்ன பண்றீங்க?" என்றேன்.

"இது நான் கேட்டு வச்சதுன்னு எழுதிட்டேன். இனிமே யார் என்ன அடிச்சாலும் தானா போகாது."

கணினியை அணைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"காலைல நீ குளிச்சிட்டு இருந்தப்ப ஹாஸ்டல்லேர்ந்து போன் வந்தது. ரூம் காலியா இருக்காம்."

காலையில் என் போன் அடித்தது எனக்கும் கேட்டது. வெளியே வந்து யார் என்று விசாரித்தபோது, யாரோ தெரியாதவர்கள் என்றிருந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவ இங்கயே இருக்கட்டும்னு சொன்னேன்."

என்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம் என்று சண்டை பிடித்திருக்க வேண்டும். ஆனால் மார்பில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. அழுதுவிட்டேன். அண்ணி அதைக் கவனிக்காத மாதிரி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனாள்.

வாசல் பக்கத்தில் புது ஹெட்செட்கள் வந்திறங்கிய அட்டைப்பெட்டி காலியாகக் கிடந்தது. அண்ணி நின்று அதைப் புரட்டிப் பார்த்தாள், பிறகு திருட்டுத்தனமாக என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

"இருக்கட்டும்," என்றேன்.