கார்ட்டூன் கவருக்குள் இருந்த சிடி

உங்களைக் கேட்காமலேயே உங்கள் கம்ப்யூட்டர் எதையாவது திறந்து காட்டியிருக்கிறதா? இப்போதாவது பென் டிரைவைச் செருகினால் ‘என்ன செய்யட்டும்’ என்று கேட்டுத் தொலைக்கிறது. நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது தீவில், லம்பா லைன் என்ற பகுதியில் எங்கள் வீட்டில் இருந்த டப்பாவுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. சிடியை விழுங்கும், உறுமும், அடுத்த நொடி திரை முழுக்கப் படம் ஓடும்.

அப்போது அம்மாவுக்கு நிறைமாதம். தூத்துக்குடியில் அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, திடீரென்று இறந்துபோனார். அந்த நிலையில் அம்மாவைக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள், விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். பிரசவம் முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். எனக்கும் சொல்லவில்லை; இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

நாங்கள் போக முடியாத கல்யாணத்தையும் சாவையும் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிடியாக அனுப்பிவைப்பது வழக்கம். ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவின் கைக்குத் தாத்தாவின் அடக்கமும் அப்படித்தான் கப்பலில் வந்து சேர்ந்தது. அம்மா தொடவே மாட்டாள் என்று அதை என் கார்ட்டூன் சிடியின் கவருக்குள் ஒளித்துவைத்தார். அந்தக் கவரைத் தினமும் தொடுகிற ஒருத்தி வீட்டில் இருப்பது அந்தப் புத்திசாலிக்கு நினைவில்லை.

போட்டேன். பெட்டிக்குள் தாத்தா படுத்திருந்தார். அவர்மேல் கிராபிக்ஸ் ரோஜாக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. பின்னால் ஒரு சோகப் பாட்டு. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள்.

“ஏட்டி, சத்தத்தக் கொற.”

குறைத்தேன். நின்றபடியே பார்த்தாள். திரையில் தாத்தாவின் பெட்டியை மூடப் போகும்போது அவளே கையை நீட்டி சிடியை வெளியே எடுத்தாள்.

“தாத்தாவுக்கு என்னம்மா?”

“தூங்குறாவ. நீ பாத்தத அப்பாகிட்ட சொல்லாத, என்ன? பாவம், அவிய கஷ்டப்பட்டு ஒளிச்சு வச்சிருக்காவ.”

சிடி பழையபடி கவருக்குள் போனது. சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா கேட்டாள், “எங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுத் தாங்களேன்.”

“அரே, அவரு கடலுக்குப் போயிருக்காராம். வந்ததும் பேசலாம்.”

“இந்த வயசுலயும் சும்மா இருக்க மாட்டாவளா” என்று சிரித்தாள் அம்மா.

அதற்குப் பிறகும் தினமும் கேட்டாள். கேட்காமல் விட்டால் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடுமே. எனக்கு இது செம ஜாலி. நானும் அம்மாவும் ஒரே கட்சி, அப்பாதான் ஏமாளி.

தம்பி பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மா கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வந்து பிடிக்க வேண்டியதாயிற்று. என்னமாய் நடிக்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் என்னைப் பார்த்தபோது கண்ணடித்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் நடித்ததெல்லாம் அதற்கு முந்தைய நாட்களில் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. அப்பாவின் பொய் உடைந்துவிடக்கூடாது என்று அழுகையை அடக்கிவைத்திருந்தவளைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறேன்.

‘திறக்கட்டுமா’ என்று அந்த டப்பா கேட்டிருந்தாலும் நான் ‘சரி’யைத்தான் அழுத்தியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு முன்பே தெரியும் என்பதை நாங்கள் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

சிடி இப்போது அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அதை விழுங்குகிற கம்ப்யூட்டர்தான் இப்போது வீட்டில் இல்லை.