மீன்கடைக்காரர் வாசித்த கடிதம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மெல்பேர்னில், கிளேட்டனில் இருந்தோம். கணவர் பல்கலைக்கழகத்தில் மண் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எனக்கு ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கும் வேலை. லீவு கிடைத்தால் யாழ்ப்பாணம் போவோம், இல்லாவிட்டால் வீட்டில் இருப்போம். சும்மா ஓர் ஊரைப் பார்க்கப் போவது என்ற எண்ணம் எங்களுக்கு வந்ததே இல்லை.

அந்த வருடம் ஏதென்ஸில் ஒரு மகாநாட்டுக்கு அவருக்கு அழைப்பு வந்தது.

"நீரும் வாரும். மகாநாடு முடிய நாலு நாள் எங்கையாவது நிப்பம்," என்றார்.

எங்கே என்பதை என்னிடம் விட்டுவிட்டார். நான் நூலகத்திலிருந்து ஒரு பயணக் கைநூலை எடுத்துவந்து ஒரு சின்னத் தீவைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே கார் கிடையாது, முழுத் தீவையும் அரை நாளில் நடந்து சுற்றிவிடலாம் என்று போட்டிருந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. புத்தகத்தில் இருந்த ஒரே விடுதிக்கு ஆங்கிலத்தில் கடிதம் போட்டேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. நீலத் தாளில் இரண்டு பக்கம், முழுக்கக் கிரேக்கத்தில்.

எங்கள் தெருமுனையில் மீன் பொரித்து விற்கும் கடை ஒரு கிரேக்கருடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அவரிடம் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்குவோம். கடிதத்தை அவரிடம் கொண்டுபோனேன். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். என் நினைவில் அது எங்கள் தமிழாகத்தான் நிற்கிறது.

இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னார்: "மிஸிஸ், இந்த இடம் பூட்டியாச்சு. கூரை விழுந்திட்டுதாம். ஆக்களை எடுக்கிறேல்லையாம்."

கூரை விழுந்ததைச் சொல்ல இரண்டு பக்கம் வேண்டுமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

"பக்கத்துத் தீவு என்ர தீவு. அங்க என்ர அக்கா இருக்கிறா. வீட்டில ரெண்டு அறை சும்மா கிடக்குது. நான் எழுதிவிடுறன்," என்றார்.

பொரியல் சுற்றும் தாளில் தீவின் படத்தைக் கீறித் தந்தார். எந்தக் கிழமையில் கப்பல், எந்தப் பக்கம் இருந்தால் வெயில் படாது, தேயிலை கட்டாயம் கொண்டுபோக வேண்டும், எல்லாம் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் ஏதாவது புதிதாகச் சொல்வார். கணவர் விசாவுக்கு விண்ணப்பித்தார். நான் நடப்பதற்குத் தட்டையான சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன்.

நீலக் கடிதம் கைநூலுக்குள் அடையாளத்துக்காக வைத்தபடி இருந்தது. ஒருநாள் தேநீர் இடைவேளையில், என்னோடு குழாய் கழுவும் கிரேக்கப் பெண் புத்தகத்தைப் புரட்டும்போது அது கீழே விழுந்தது. எடுத்து வாசித்தாள். கூரை விழுந்த விடுதி என்றேன்.

"கூரையோ? கூரையைப் பற்றி ஒண்டுமில்லை. உங்களுக்குக் கடல் பக்கத்து அறை ஒதுக்கி வைச்சிருக்கினம். வாற நாளை எழுதச் சொல்லுகினம். மிச்சம் முழுக்க அந்த விடுதி மனுசன் தன்ர பேரப்பிள்ளையளைப் பற்றி எழுதியிருக்கு."

அன்று வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன். கடிதத்தை மேசையில் விரித்து வைத்தேன்.

"கூரை எந்தப் பக்கத்தில எழுதியிருக்கு?"

அவர் எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பொய் சொன்னனான், மிஸிஸ்," என்றார். "என்னை வளர்த்தது அக்காதான். மாதம் ஒரு கடிதம் போடுவா. இப்ப ரெண்டு வருசமா எழுத்து அவவின்ர இல்லை. ஏனெண்டு கேட்டன். நான் சுகம், நீ எழுத்தைப் பாக்காதை எண்டு பதில் வந்தது. அதுவும் வேற ஆளின்ர எழுத்து. ஆராவது போய்ப் பாக்க வேணும்."

"நீங்களே போகலாமே?"

"கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் போகாமல் கப்பலேறினவன் நான். அங்க இறங்கின உடன பிடிப்பாங்கள்."

வீட்டில் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்தது. "கேட்டிருக்கலாம்தானே. பொய் சொல்லிப்போட்டு அக்கா வீட்டுக்குப் போ எண்டால் போறதோ?"

"கேட்டிருந்தா நீங்கள் போயிருப்பியளோ?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லை. போயிருக்க மாட்டன்தான்," என்றார்.

அக்கா வீட்டுக்கே போவதென்று முடிவானது. நாங்கள் வரவில்லை என்று விடுதிக்காரருக்கு வேலையிடத்துத் தோழி கிரேக்கத்தில் எழுதித் தந்தாள். பேரப்பிள்ளைகளையும் விசாரித்திருப்பதாகச் சொன்னாள்.

ஏதென்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஒன்பது மணிநேரம். தீவின் இறங்குதுறையில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண்மணி நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆசிரியர் நின்றார். பக்கத்து வீட்டுக்காரராம், ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். அக்கா என் முகத்தைத் தடவினார், பிறகு சேலையைத் தடவினார். கண்ணில் படலம் மூடியிருந்தது. கடிதங்களை எழுதியவர் அந்த ஆசிரியர்தான்.

வீட்டில் அக்கா யாருடைய உதவியும் இல்லாமல் சமைத்தார். நெருப்புப்பெட்டி, உப்பு, கத்தி எல்லாவற்றுக்கும் குசினியில் இடம் இருந்தது. முதல் நாள் நான் ஒரு கதிரையைத் தள்ளி வைத்துவிட, அவர் அதில் மோதிக்கொண்டார். பிறகு நான் எதையும் அசைக்கவில்லை. காலையில் நானும் கணவரும் தீவைச் சுற்றி நடந்தோம். கடல் மிக நன்றாக இருந்தது. ஆனால் நான் பாதி நேரமும் அக்காவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா, மொழிபெயர்க்க ஆசிரியரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "என்ர கண்ணைப் பற்றித் தம்பியிட்டச் சொல்லாதேங்கோ. சொன்னா வருவான். வந்தா பிடிப்பாங்கள்."

நான் தலையை ஆட்டினேன். அவருக்குக் கண் தெரியாதே என்று பிறகுதான் உறைத்தது. "ஓம்," என்றேன். தமிழில்தான். அவர் விளங்கிக்கொண்டு என் கையைத் தட்டினார்.

மெல்பேர்ன் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, கடைக்குப் போகும் வழியில் கணவரிடம் இதைச் சொன்னேன்.

"நீர் வாக்குக் குடுத்தனீர். நான் குடுக்கேல்லை," என்றார். "அந்த மனுசன் எங்களை அனுப்பினதே பாத்துச் சொல்லத்தானே."

கடைக்குள் போய் எல்லாவற்றையும் அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"கண் முழுக்கத் தெரியாதோ?"

"வெளிச்சம் தெரியுது. படலத்தை ஏதென்ஸில வெட்டி எடுக்கலாமெண்டு அந்த ஆசிரியர் சொன்னவர். அக்கா மாட்டனெண்டு நிக்கிறா."

அவர் தலையசைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். எங்களுக்குப் பொரியல் கட்டித் தந்தது அவர் மனைவி.

இரண்டு மாதத்தில் கடைக்காரர் தீவுக்குப் புறப்பட்டுப் போனார். அவர் பயந்தபடியே பிடித்துப் பட்டாளத்தில் போட்டார்கள். நரைத்த தலையோடு நாலு மாதம் முகாமில் சமையல் செய்தாராம். வெளியே வந்ததும் அக்காவை ஏதென்ஸுக்குக் கூட்டிப்போனார். ஒரு கண் சரிவந்தது, மற்றதுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இவ்வளவும் அவர் மனைவி கடையில் வைத்துச் சொன்னதுதான். அவர் திரும்பி வருவதற்குள் கணவருக்கு சிட்னியில் வேலை கிடைத்து, நாங்கள் லிட்கம் பக்கம் வீடு மாறிவிட்டோம்.

என் வாக்கை மீறிவிட்டார் என்று கணவரோடு கொஞ்சக் காலம் கோபமாக இருந்தேன். அவர் செய்தது சரிதான் என்பது அப்போதும் தெரியும். இருந்தும் கோபம் போக நாளாயிற்று.