பாஸ் அவுட் ஆல்ரெடி

காலை பத்து மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு என் கைபேசி அதிர்ந்தது. சிராங்கூன் சாலையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் மகளோடு தீயணைப்புப் பயிற்சியில் இருக்கும் சீனப் பெண் செய்தி அனுப்பியிருந்தாள்: "ஆன்ட்டி, ஷீ பாஸ் அவுட் ஆல்ரெடி."

அன்று மகளுக்கு இறுதித் தேர்வு. கனத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, முதுகில் காற்று சிலிண்டரும் தோளில் தண்ணீர்க் குழாயுமாகப் பன்னிரண்டு மாடி ஏற வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஏற வேண்டும். முதல் தடவை நேரம் தாண்டிவிட்டது. இது இரண்டாவது வாய்ப்பு. இதை விட்டால் வேறு கிடையாது.

இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் நான் படித்தது மதுரையில். "நான் தொண்ணூத்தேழு பாஸ் அவுட், நீங்க?" என்றுதான் நாங்கள் விசாரித்துக்கொள்வோம். படித்து முடித்து வெளியே வந்தாயிற்று என்று பொருள். எனவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. செய்தியை அப்படியே துவாஸ் கப்பல் பட்டறையில் இருந்த கணவருக்குத் தட்டிவிட்டேன். பொறுக்கிய முருங்கைக்காயை அங்கேயே போட்டுவிட்டு எதிர்ச்சாரி மிட்டாய்க் கடைக்கு நடந்தேன்.

நடக்கும்போதே எனக்கு என்னைப் பற்றி ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் இந்த வேலையே அவளுக்கு வேண்டாம் என்றவள் நான். எரிகிற வீட்டுக்குள் ஓடுவதற்கா இருபத்திரண்டு வருடம் வளர்த்தேன்? முந்தின வெள்ளிக்கிழமை கோயிலில் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, "தாயே, இவ பாஸ் ஆகக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவள் இப்போது ஒரு கிலோ ஜாங்கிரி கேட்டுக்கொண்டு நிற்கிறேன், வாயெல்லாம் பல்லாக.

"என்னக்கா விசேஷம்?" என்றாள் கல்லாவில் இருந்த பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

கைபேசியை நீட்டினேன். படித்தாள். இடுக்கியில் ஜாங்கிரி அந்தரத்தில் நின்றது.

"அக்கா, இது பாஸ் ஆனது இல்லக்கா."

"இல்லம்மா, கோர்ஸ் முடிச்சுட்டா. பாஸ் அவுட்."

"கோர்ஸ் முடிச்சா பாஸ்னு மட்டும் போட்டிருப்பாங்க லா. பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்கன்னு அர்த்தம். மொதல்ல ஃபோன் அடிங்க."

மகள் எடுக்கவில்லை. தோழியும் எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்துத் தோழியிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. அதில் ஒரு மருத்துவமனையின் பெயரும் "டோன்ட் வொரி" என்ற இரண்டு சொற்களும் மட்டும் இருந்தன. கடைக்காரப் பெண்ணே வெளியே ஓடி டாக்சியை நிறுத்தினாள். ஜாங்கிரிப் பெட்டியையும் என் மடியில் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்கக்கா. கண்டிப்பா தேவைப்படும்."

டாக்சி கிளம்பியதும் கணவர் அழைத்தார். பின்னால் ஒரே கைதட்டல்.

"ஏய், கேண்டீன்ல எல்லாருக்கும் டீ சொல்லிட்டேன்! ஃபோர்மேன் கட்டிப் புடிச்சுட்டாரு!"

"என்னங்க, மயக்கம் போட்டு விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன்."

"நீ பாஸ் அவுட்னுதானே போட்டே?"

"அதுதாங்க அது!"

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்குவது எனக்குக் கேட்டது.

அவசரப் பிரிவில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கூப்பிடுவோம் என்றார்கள். மடியில் ஜாங்கிரிப் பெட்டியோடு உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை நம்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் செய்தித்தாளில் என் எண்ணைத் தேடியபோது அப்பா சத்தம் போட்டுச் சொன்ன சொல் அது. இந்த ஊரில் கணவரை அண்டி வாழ அனுமதித்த அட்டைக்கும் பாஸ் என்றே பெயர். அது காலாவதியாகும் தேதியைத் தூக்கத்திலும் சொல்வேன். பிறகு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு சக ஊழியர், "மை மதர் பாஸ்ட் திஸ் மார்னிங்" என்று எல்லோருக்கும் எழுதினார். பாவம், இந்த வயதில் என்ன பரீட்சையோ என்று வியந்து, வாழ்த்துகள் என மூன்று ஆச்சரியக்குறியோடு பதில் அனுப்பினேன். பக்கத்து மேசைப் பெண் என் காதில், அம்மா இறந்துவிட்டார் என்று அர்த்தம் எனச் சொன்னபோது மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

அந்த மூன்றாவது அர்த்தம் இப்போது எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வெள்ளிக்கிழமை வாய்விட்டுக் கேட்டதை அம்மன் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாளோ? "தாயே, அதை ரத்து பண்ணிடு," என்றேன். "அவ பாஸ் ஆகட்டும். எந்தத் தீயில வேணா ஓடட்டும்."

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கதவு திறந்தது. பயிற்சி உடுப்போடு ஒரு மலாய்க்காரர் வந்தார். மகளின் பயிற்றுநர். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"மேடம், யுவர் டாட்டர் பாஸ்."

எழுந்தேன். "பாஸ் வாட்?" என்று கத்தினேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "ப்ளீஸ், பாஸ் வாட்?"

மனிதர் பயந்துவிட்டார். "பாஸ் டெஸ்ட் லா, மேடம்! டெஸ்ட்!"

பிறகு நிதானமாகச் சொன்னார். பத்தொன்பது விநாடி மிச்சம் வைத்து மேலே வந்துவிட்டாளாம். குழாயை இறக்கி வைத்தாளாம், தன் எண்ணைச் சொன்னாளாம், அதன் பிறகுதான் சாய்ந்தாளாம். காலையில் பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் கட்டிக்கொடுத்த இட்லி பையில் அப்படியே இருக்கிறது. மற்றபடி எல்லாப் பரிசோதனையும் சரி. "ஸ்ட்ராங் கேர்ள்," என்றார். நான் பெட்டியைத் திறந்து அவர் கையில் இரண்டு ஜாங்கிரியைத் திணித்தேன். தாதிக்கு இரண்டு. எதிர் நாற்காலியில் கட்டுப்போட்ட காலோடு இருந்த சீனத் தாத்தாவுக்கு ஒன்று. "யுவர் டாட்டர் பாஸ் ஆ?" என்று கேட்டார் அவர். "பாஸ்!" என்றேன். இந்த நாட்டில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வாரமாகிறது. கைபேசி அதிர்ந்தால் இன்னும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். அடுத்த மாதத்திலிருந்து அவள் தீயணைப்பு வண்டியில் போகப்போகிறாள். அப்போதும் ஓடுவேன். ஓடினால் என்ன.

அன்று கடைசியாக அவளே வந்தாள், சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சோடு நடந்து. என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஒரு ஜாங்கிரியை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"பரவால்லியேம்மா, ஸ்வீட்டெல்லாம் வாங்கியிருக்கே," என்றாள். "கோயில்ல நீ வேண்டிக்கிட்டது எனக்குக் கேட்டுச்சு. அதான் வேகமா ஏறினேன்."