அப்பாவின் கிணறும் நாங்கள் சொன்ன பொய்யும்

செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம் இருக்கும் எங்கள் சிற்றூரில் உழவர் வீட்டு இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அப்பா. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, படிப்பை விட்டு ஏர் பிடித்தவர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றைத் தாமே முன்னின்று வெட்டினார். ஊரின் மற்றக் கிணறுகள் உப்புக் கரிக்கும். அப்பாவின் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு ஒரே கொதியில் மலர்ந்துவிடும். கல்யாணச் சமையலுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அண்டாவோடு வருவார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், பிறகுதான் பேச்சு. அதை வாங்கிக் குடித்த உங்களில் பலர் இந்த நினைவு மலரை இப்போது கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஊருக்கு மேற்கே கெமிக்கல் கம்பெனி வந்தபோது அப்பாவும் மகிழ்ந்தார். தெருவில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் எங்கள் வீட்டில் பருப்பு வேகாமல் போனது. அம்மா பருப்பைக் குறை சொல்லிக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். பிறகு தண்ணீர் மஞ்சளானது. குளித்தால் உடம்பு அரித்தது. வந்த உறவினர்கள் சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார்கள். அதன்பின் யாராவது வருவது தெரிந்தால் அப்பா கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

கம்பெனிக் கழிவால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று தெருவாரிடம் கையெழுத்து வாங்கி, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம் அது. பெரியப்பா வந்தார்.

"நம்ம ஊரு தண்ணி விஷம்னு நீயே எழுதிக் குடுத்துக்கினு இருந்தா, நம்ம பொண்ணுங்கள எவன்பா கட்டிக்குவான்?"

அப்பா மசியவில்லை, தெரு மசிந்துவிட்டது. அதிகாரி விசாரிக்க வந்த அன்று, கையெழுத்துப் போட்ட எல்லோரும் தண்ணீர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லும்மா. தெனம் சேந்தறவ நீதானே."

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்குது சார்" என்றேன். அதிகாரி நம்பவேண்டுமே என்று ஒரு வாய் குடித்தும் காட்டினேன். அப்பா என் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கினார்.

"பொய் சொன்ன, சரி. குடிக்க வேணாம்மா."

மனு தள்ளுபடியானது. எனக்குக் கல்யாணம் ஆனது. அப்பாவுக்கு மனுக்காரர் என்று பெயர் வைத்து, விசேஷங்களுக்கு அழைப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். சென்னையில் என் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீரை முகர்ந்து பார்ப்பார், யோசிப்பார், பாதியில் வைத்துவிடுவார். என்னை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அப்பாவின் சிறுநீரகம் கெட்டுப்போனது. அது அந்தத் தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, நானும் எழுதமாட்டேன். ஆனால் அவரைக் கைவிட்டது யார் என்று எனக்குத் தெரியும். நாம்தான். அதில் மகள் முதல் ஆள்.

சென்ற ஆண்டு அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்ட, குடத்தோடு கிணற்றடிக்குப் போனேன். பெரியப்பா தடுத்தார்.

"அந்தத் தண்ணி வேணாம்மா. குளிப்பாட்றவங்களுக்குக் கை அரிக்கும். கேன் வாங்கியாரச் சொல்லிக்கீறேன்."

கூடியிருந்த தெரு முழுவதும் தலையாட்டியது. உயிர் போன உடம்புக்கும் ஆகாது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா இருந்தபோது அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பெரியப்பா இதைப் படித்துக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்பாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் உடனிருந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், கடைசி நாள்களில் அம்மாவுக்குத் துணையாக இருந்த அத்தைக்கும், இன்று முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பாவின் மனுவை மறுபடி எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. படையலில் அப்பா படத்துக்கு முன்னால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு இருக்கிறது. பக்கத்தில் மனு இருக்கிறது. யாரும் குடித்துக் காட்ட வேண்டாம், அப்பா விடமாட்டார். சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

மூத்த மகள்